கை நனைத்த வண்டி

சித்தெ நேரம் இந்த நெழல்ல உக்காந்துக்கட்டுங்களாணா? உங்க வேலைக்கு எடஞ்சல் பண்ண மாட்டேன். தேய்ச்சு வெச்ச துணிப்பக்கம் வரலை, அந்தக் கல்லு மேல உக்காந்துக்கறேன். மணி நாலரையாச்சு, இன்னும் வெயிலு மண்டையப் பொளக்குது. நீங்க வேற இஸ்திரி வண்டியில கரி அடுப்புக்கு முன்னாடியே நின்னுட்டு இருக்கறீங்க.

இல்லீங்ணா, ஆரையும் பார்க்க வரலை. எதுத்தாப்புல பச்சை கேட் போட்ட வீடு இருக்குது பாருங்க, அங்கதான் வந்தேன். ஆனா அந்த வீட்டுக்காரங்களைப் பார்க்க வரலை. உள்ள போர்டிகோவுல செவுத்தோரமா ஒரு வண்டி நிக்குதில்லீங்களா, சாம்பல் கலர்ல? அது என்ற வண்டி. கரண்டு வண்டி. சார்ஜ் ஏறிட்டு இருக்குது. ஏறுனதும் எடுத்துட்டுப் போயிட்டே இருப்பேன். இங்க பாருங்க, போன்லயே காட்டும். பதிமூணு பர்சன்ட்.

என்னது? முக்குல நின்னுபோன வண்டியத் தள்ளிட்டு வந்து உட்டது நீங்கதானா? நல்லா இருப்பீங்ணா. அது என்ற சம்சாரம், கலாமணி. அவ ஒருத்தியா அதைத் தள்ள முடியாது, இரும்புப் பொட்டி மாதிரி கனக்கும். பெட்ரோல் வண்டின்னா ஒரு பாட்டில்ல வாங்கி ஊத்திக்கலாம். இதுக்கு என்னத்த ஊத்தறது சொல்லுங்க.

உள்ள போயி ஃபேனுக்கு அடியில உக்காரலாமேங்கறீங்க. மாட்டேங்ணா. அந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன்னு சொல்லி ஆறு வருசமாச்சு. ஒரு வாய் சோறு கெடையாது, ஒரு டம்ளர் தண்ணி கெடையாது. இப்பக்கூட கலாமணி சொம்புல தண்ணி மொண்டுட்டு வந்து நீட்டுனா. வேண்டாம்னுட்டேன். சார்ஜரை கேட்டுக்கு மேல தூக்கிக் குடுத்துட்டு, தெருவைத் தாண்டி இக்கட்டால வந்துட்டேன். உங்க பாட்டில்ல இருக்குதுங்களா தண்ணி? ஒரு வாய் குடுங்க. தொண்டை காஞ்சு கெடக்குது.

அந்த வீட்டுக் கதை கெடக்குது உடுங்க. மொதல்ல வண்டிக் கதையச் சொல்றேன். பிரச்சனையே வண்டிதான்.

என்ற பேரு சென்னியப்பன். குடியிருக்கறது கணபதியில. அங்கயே ரெண்டு தெரு தள்ளி ஒரு பம்ப்செட் கம்பெனி, முப்பத்தொரு வருசமா டெஸ்டிங்ல இருக்கறேன். இந்த மோட்டாரு இத்தனை அடி ஆழத்துல இருந்து இத்தனை லிட்டர் தள்ளும்னு தகட்டுல அடிச்சிருந்தா, அத்தனை லிட்டர் தள்ளோணும். ஒரு லிட்டர் கொறஞ்சாலும் எங்கயோ கசியுதுன்னு அர்த்தம். எங்கன்னு கண்டுபுடிக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன். மொதலாளியே வந்து நின்னாலும் போட மாட்டேன். அப்பேர்ப்பட்ட ஆளு கையில வந்து மாட்டிச்சு பாருங்க இந்த வண்டி. இல்லீன்னா நான் அதுகிட்ட மாட்டுனேன்னு வெச்சுக்குங்க.

வாங்கலாம்னு சொன்னது கலாமணிதான். இருபத்தாறு வருசத்துல அவ வாயத் தொறந்து இது வேணும்னு கேட்டதில்லீங்ணா. ஒரு சீலை கேட்டதில்லை. திடீர்னு ஒருநாள், பஸ்ல தொங்கிட்டுப் போயி வர முடியலீங்க, கரண்டு வண்டி ஒண்ணு வாங்கலாமுங்களான்னா. அவ காந்திபுரத்துக்குப் பக்கத்துல ஒரு நர்சரி ஸ்கூல்ல எல்.கே.ஜி. டீச்சர். வீட்டுல இருந்து நாலு கிலோமீட்டரு. நாலு கிலோமீட்டருக்கு எதுக்குடி வண்டின்னு கேட்டேன். மறுநாளும் அதையே கேட்டா. மூணாம் நாளும் கேட்டா. சரி, ஊரே வாங்குது, புகையில்லை, சத்தமில்லை, நாமளும் வாங்கிப் பார்ப்போம்னு என்ற பழைய பைக்கைத் தள்ளி உட்டுட்டு இதை எடுத்தேன்.

எடுத்த அன்னிக்குப் புடிச்ச சனியன்தாங்ணா.

ஷோரூம்ல டை கட்டுன ஒரு மனுசன், ஒரு தடவை ஏத்துனா நூத்தியிருவது கிலோமீட்டரு சார், கண்ண மூடிட்டுப் போங்கன்னான். நான் கண்ணைத் தொறந்துட்டே டெஸ்ட் பண்ணுனேன். ஞாயித்துக்கெழமை காத்தால, ஒத்தை ஆளு, மேடில்லாத தடம், முப்பது ஸ்பீடுக்கு மேல முறுக்கலை. எம்பது. அவ்வளவுதான். நூத்தியிருவது எங்க, எம்பது எங்க? போன் பண்ணிக் கேட்டா, அது கம்பெனி கண்டிசன்ல வர்ற கணக்குங்க சாருங்கறான். அப்ப கம்பெனிக்குள்ளயே ஓட்டிக்கிறதுதானே? எங்கிட்ட எதுக்கு விக்கறே?

சரின்னு அதையும் பொறுத்துக்கிட்டேன். நாங்க இருக்கறது மாடியில. பாத்ரூம் ஜன்னல் வழியா ஒயர் உட்டு, கீழ வண்டியில மாட்டோணும். வீட்டுக்காரம்மா துணி காயப்போடற கொடிக்கு அந்த ஒயர் எடஞ்சலாம். மழை வந்தா நான் குடையப் புடிச்சுட்டு பிளக்குக்குக் காவல் நிக்கோணும். குடைக்குள்ள இருக்கறது நானில்லை, பிளக்கு. தெருவுல போறவங்க எல்லாம் பார்த்துட்டுப் போவாங்க.

சிக்னல்ல நின்னா போதும், பக்கத்து வண்டிக்காரன் குனிஞ்சு பார்த்து, எவ்வளவுங்ணா குடுக்குதும்பான். எம்பதுன்னா ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கே வண்டியக் கொளுத்திப்போடலாம்னு தோணும். சத்தம் வராதா, மார்க்கெட்டுல ஜனம் நடுத்தடத்துல நின்னு பேசிட்டே இருக்கும். ஹாரன் அடிச்சா துள்ளிக் குதிச்சுட்டு, திருடனாட்டம் வர்றான் பாருன்னு நம்மளையே திட்டும். மேம்பாலம் ஏறுனா சடசடன்னு ரெண்டு பர்சன்ட் எறங்கும். அதனால நான் பாலத்துக்கு அடியிலயே போவேன். ஊருல அத்தனை செலவு பண்ணிப் பாலம் கட்டி வெச்சிருக்குது, எனக்கு அதுல ஏறக் குடுத்து வெக்கலை.

இருந்தாலும் பொறுப்பா வெச்சிருந்தேனுங்க. இருவதுக்குக் கீழ எறங்க உடக்கூடாது, எம்பதுக்கு மேல ஏத்தக்கூடாது, அப்பத்தான் பேட்டரிக்கு ஆயுசு. சார்ஜரை வண்டியில வெச்சுட்டுச் சுத்தக்கூடாது, குலுங்கிக் கெட்டுப்போயிரும். கலாமணிகிட்டயும் இதையெல்லாம் ஒருக்காலுக்குப் பத்துக்கா சொல்லி வெச்சேன். சரீங்க, சரீங்கன்னு தலையாட்டுவா.

இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன். ஸ்கூலு போக நாலு, வர நாலு, எட்டு கிலோமீட்டரு. என்ற டெஸ்ட் பிரகாரம் பத்து பர்சன்ட் எறங்கோணும். சாயங்காலம் அவ வந்து நிறுத்துனதும் போய்ப் பார்த்தா முப்பத்தஞ்சு எறங்கியிருக்குது. ஒருநாளில்லை ரெண்டு நாளில்லை, தெனமும். எங்கயோ கசியுதுன்னு அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

கிலோமீட்டர் மீட்டரைப் பார்க்கலாமேங்கறீங்களா? பார்க்காம இருப்பனா? அதுல இருபத்தேழுன்னு காட்டுச்சு. பேட்டரி கோளாறுன்னா மீட்டரும் சேர்ந்துதானுங்ணா கோளாறாகும்? ரெண்டும் ஒரே ஒயருல ஓடறதுதானே. இதைத்தான் சர்வீஸ் சென்டர்ல சொன்னேன்.

நாலு தடவை போயிருக்கறேன். நாலு தடவையும் அரை நாள் லீவு. டோக்கன் போட்டு உக்கார வெச்சு, கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துட்டு, பேட்டரி நல்லாருக்குது சார், வண்டி ஓடியிருக்குது சார்ங்கறாங்க. ஓடியிருக்குதுன்னா என்ன அர்த்தம், நான் பொய் சொல்றனான்னு சத்தம் போட்டேன். நாலாவது தடவை அந்த சூப்பர்வைசரு என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போயி, வீட்டுல வேற ஆராச்சும் ஓட்டறாங்களா சார்னு மெதுவாக் கேட்டான். என்ற சம்சாரம் ஓட்டறா, அவ ஸ்கூலை உட்டா வீடு, வீட்டை உட்டா ஸ்கூலு, எனக்குத் தெரியாதான்னு கேட்டேன். அவன் என்ற மூஞ்சியவே பார்த்தான். வேலை திருப்தின்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து கேட்டாங்க. போடுவனா நான்?

சிரிக்காதீங்ணா. எரிச்சல் எனக்குத்தான் தெரியும்.

அப்பறம் கலாமணி ஓட்டறதுல கோளாறு இருக்குமோன்னு பார்த்தேன். பிரேக்கைப் புடிச்சுட்டே ஓட்டறியா, ஸ்பீடு மோடுல வெக்கறியான்னு கேட்டேன். இல்லீங்கன்னா. சோத்துப்பை இத்தனை கனமா இருந்தா வண்டி எப்படி இழுக்கும்னு கேட்டேன். ரெண்டு பேரு திங்கற அளவுக்குக் கட்டிட்டுப் போவாங்ணா. கேட்டா, டீச்சருங்க எல்லாம் பங்கு போட்டுக்கறோம்பா. ரெண்டு மணிக்கு ஸ்கூலு உட்டா, வீட்டுக்கு வர ஏழாகும். ஸ்பெசல் கிளாஸாம். எல்.கே.ஜி. குழந்தைங்களுக்கு என்னடி ஸ்பெசல் கிளாஸுன்னு கேட்டேன், இப்பல்லாம் அப்படித்தாங்கன்னா. இந்தக் காலத்துல எதுதான் இல்லைன்னு நானும் உட்டுட்டேன்.

வண்டியத் தொடைக்கறதுலயும் ஒரு அரைகுறை பாருங்க. ஸ்டாண்டு போடற பக்கம் கண்ணாடியாட்டம் பளபளன்னு இருக்கும், சக்கரத்துக் கம்பி வரைக்கும் தொடைச்சிருக்கும். அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தா சேறும் புழுதியும் அப்படியே கெடக்கும். ஏழு மாசமா இப்படித்தான். தொடைக்கறது தொடைக்கற, முழுசாத் தொடைக்கறதுக்கு என்ன கேடுன்னு ஒருநாள் நல்லாத் திட்டிப்போட்டேன். அன்னிக்கு மட்டும் என்னைய ஒரு மாதிரி பார்த்தா. நீங்களே ஒருநாளைக்கு அந்தப் பக்கம் தொடைங்கன்னா. திமிரப் பாருங்க.

எத்தனை ஆச்சு? பதினெட்டு. கழுதை, ஆமை மாதிரி ஏறுது.

கடைசியா நேத்து ஒரு முடிவு பண்ணுனேன். எங்க கம்பெனில கசிவு கண்டுபுடிக்க ஒரு வழி இருக்குதுங்ணா. அளந்து தண்ணிய உட்டுட்டு, வாயை அடைச்சுப் பார்த்தா எங்க போகுதுன்னு தெரிஞ்சுரும். அதே மாதிரி நேத்து இருவது பர்சன்ட்ல வண்டிய நிறுத்தி, சார்ஜ் போடாமயே உட்டுட்டேன். எட்டு கிலோமீட்டருக்குப் பத்து போதும், பத்து மிச்சம். நல்ல பேட்டரின்னா பத்தோட வீடு வந்து சேரோணும். வராட்டி வண்டியவே கொண்டுபோயி அந்த சூப்பர்வைசர் மேசை மேல ஏத்தி வெச்சுருவேன். கலாமணி காத்தால பார்த்துட்டு, ஏனுங்க இருவதுதான் இருக்குதுன்னா. போதும் போன்னேன். சார்ஜரையாவது எடுத்துக்கறேனேன்னா. குலுங்கும், வெச்சுட்டுப் போன்னேன். அவ கொஞ்ச நேரம் படியிலயே நின்னா. அப்பறம் போயிட்டா.

மத்தியானம் ரெண்டே முக்காலுக்கு போன் வருது. வண்டி நின்னுபோச்சுங்க, சார்ஜரை எடுத்துட்டு வாங்கன்னா. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோசம், கசிவு கெடைச்சுருச்சுன்னு. எங்கடி நிக்கற, ஸ்கூல் பக்கத்துலயான்னு கேட்டேன். இல்லீங்க, வடவள்ளியிலன்னா. வடவள்ளியில என்னடி பண்றேன்னேன். உங்க அண்ணன் வீட்டுலன்னா.

ஆமாங்ணா. அந்த வீடு எங்கண்ணன் வீடுதான். நாச்சிமுத்துன்னா இந்தத் தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். கூடப் பொறந்தவரு, என்னைவிட ஒம்பது வயசு மூத்தவரு.

ஸ்கூல்ல இருந்து இங்க பத்து கிலோமீட்டரு. இங்கிருந்து வீடு பதிமூணு. காத்தால நாலு. கூட்டிப் பாருங்க. இருபத்தேழு. மீட்டரு சரியாத்தான் காட்டியிருக்குது. பேட்டரி, ஒயரு, மீட்டரு, எல்லாம் சரி. ஏழு மாசமா நான் நாலு கம்பெனிக்காரனைத் திட்டி, வாய் வலிச்சு, லீவு போட்டு... எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுட்டே எதுத்தாப்புல உக்காந்து முருங்கைக்காய் நறுக்கிட்டு இருந்தாங்ணா. அதுதான் எரியுது. அவ இங்க வந்ததைக்கூட அப்பறம் பேசிக்கலாம். எங்கிட்டச் சொல்லலை பாருங்க.

டவுன் பஸ்ல கூட்டத்துக்குள்ள அந்த சார்ஜரை மடியில வெச்சுட்டு வந்தேன். பக்கத்துல உக்காந்த ஆளு, என்னங்க பாம் மாதிரி இருக்குதுன்னு கேக்கறான். பாம்தான்னு சொல்லிப்போட்டேன்.

கேட்டுக்கு வெளிய நின்னு கூப்புட்டேன். வந்தா. முந்தானைய இடுப்புல சொருகிட்டு, கையெல்லாம் எண்ணெய். எத்தனை நாளா நடக்குதுன்னேன். வண்டி வாங்குனதுல இருந்துன்னா. என்றகூட வாழ்ந்துட்டு, நான் வேண்டாம்னு உட்ட வீட்டுல ஒறம்பரை விருந்தாளியாட்டம் வந்து உக்காந்துட்டுப் போறியா, வெக்கமா இல்லையான்னு கேட்டேன். அவ சத்தமே போடலீங்ணா. அவ சத்தம் போட்டிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.

"நான் ஒறம்பரையா வரலீங்க. அக்காவுக்கு முட்டி வலி, அவங்க ஒருத்தரா மாமாவைத் தூக்க முடியாது. ஒரு ஆளை நிக்க வெச்சு நடத்தறதுக்கு ரெண்டு பேரு வேணும்" அப்படின்னா.

உள்ள வாங்கன்னு கேட்டைத் தொறக்கப் போனா. நான் இந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன்னு சொன்னது உனக்குத் தெரியாதான்னேன். சார்ஜரை வாங்கிட்டு ரெண்டு எட்டு போனவ, திரும்பி நின்னு சொன்னா:

"நீங்க நனைக்க வேண்டாங்க. உங்க வண்டி நனைச்சுருச்சு."

சொல்லிட்டு பிளக்கை மாட்டிட்டு உள்ள போயிட்டா. பார்த்தீங்களா? நான் பச்சைத் தண்ணி தொடாம ஆறு வருசம் வைராக்கியமா இருக்கறேன். என்ற வண்டி இந்த வீட்டுக் கரண்டைக் குடிச்சுட்டு நிக்குது.

வாதம்தாங்ணா எங்கண்ணனுக்கு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வலது கையும் காலும் வரலை, பேச்சும் கொழறுதாமா. எனக்கும் தெரியும், தெரியாம இல்லை. எட்டு மாசத்துக்கு முந்தி ஒரு கல்யாணத்துல பந்தியில உக்காந்திருக்கறப்ப ஒறம்பரையில ஒருத்தரு சொன்னாரு. அப்படீங்களான்னேன். வேற என்ன சொல்றது, நான் என்ன டாக்டரா? அன்னிக்கு நான் சரியாத் திங்கலை. அந்தப் பந்தியில சாம்பாரே சரியில்லீங்ணா. ராத்திரியெல்லாம் தூக்கம் வராம மாடியிலயே நடந்துட்டு இருந்தேன். கலாமணிகூட அந்தச் சாம்பாரைத்தான் தின்னா, அவளுக்கு ஒண்ணும் ஆகலை. அடுத்த வாரம்தான் வண்டி வேணும்னு கேட்டா.

எதுக்குச் சண்டைன்னா கேக்கறீங்க? சொல்றேன், நீங்களே ஞாயம் சொல்லுங்க. அவரு மகளுக்குக் கல்யாணம். ஒரே மக. பத்திரிகை அடிச்சாங்க. தங்கள் வரவை விரும்பும்னு போட்டு, பெரியப்பன் பேரு, மாமன்மாரு பேரு, ஒண்ணுவிட்ட பங்காளி பேரு, எல்லாம் இருக்குது. கூடப் பொறந்த சித்தப்பன் நான் ஒருத்தன், என்ற பேரு இல்லை. தாம்பாளத்துல பத்திரிகைய வெச்சு அவரும் அண்ணியும் வந்து குடுக்கறாங்க, நான் பிரிச்சு மேல இருந்து கீழ வரைக்கும் ரெண்டு தடவை படிக்கறேன். இல்லை. பிரஸ்ல உட்டுப்போயிருச்சு சென்னி, நானும் கவனிக்கலைன்னாரு. கவனிக்கலையாமா. தம்பி பேரைக் கவனிக்காதவரு வேற எதைக் கவனிச்சாரு? எடுத்துட்டுப் போங்க, இனி உங்க வீட்டுல கை நனைக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்.

பொறகா? பொறகு நாலு நாள் கழிச்சு மறுபடியும் வந்தாரு. அத்தனை பத்திரிகையும் புதுசா அடிச்சுட்டு வந்திருந்தாரு. என்ற பேரு மொதல் வரியில, கம்பெனிப் பேரு, டெஸ்டிங் இன்சார்ஜ், எல்லாம் போட்டு. நான் கதவைத் தொறக்கலை. ஜன்னல்ல பார்த்துட்டே இருந்தேன். அரை மணி நேரம் படியிலயே உக்காந்திருந்துட்டு, ஒண்ணை ஜன்னல் கம்பியில சொருகிட்டுப் போனாரு. மொதல்லயே போட்டிருக்கோணுமில்லீங்களா? கேட்டு வாங்குற மருவாதி என்ன மருவாதி?

அந்தப் பத்திரிகை இருக்குது. பீரோவுல. தூக்கிப்போட மனசு வரலை, சாமி படம் போட்டிருக்குதில்லீங்களா, அதனால.

கல்யாணத்துக்குப் போகலை. கலாமணியையும் போக உடலை. தீவாளி நோம்பிக்குப் பலகாரம் குடுத்தனுப்புனாங்க, திருப்பி அனுப்பிச்சேன். நாலு வருசம் அனுப்புனாங்க, அப்பறம் நிறுத்திட்டாங்க. நிறுத்துனாங்க பாருங்க, அதுல தெரிஞ்சுபோச்சு அவங்க மனசு.

இந்த மனுசன் பின்னாடி சைக்கிள்ல உக்காந்துதான் நான் ஐ.டி.ஐ. படிக்கப் போனேன். இல்லேங்கலை. ரெண்டு வருசம் மிதிச்சாரு. அதுக்காக என்ற பேரை உட்டுடலாமா?

இருவது ஆயிருச்சா? ஆமா, இருவத்தொண்ணு. பதிமூணு கிலோமீட்டருக்குப் போதுமேங்கறீங்க. போதும்தான், ஆனா ரெண்டு பேரு போறமில்லீங்களா. சுமை இருக்குது. எதுக்காவது மேம்பாலத்துல ஏற வேண்டி வந்தாலும் வரும். முப்பதாவது ஆகட்டும். அம்பதுன்னா இன்னும் நல்லது. பேட்டரிய இத்தனை கீழ எறக்குனா ஒருக்கா முழுசா நூறு ஏத்திப்போடறதுதான் நல்லதும்பாங்க. எம்பதுக்கு மேல ஏத்தக்கூடாதுன்னு சொன்னனா? சொன்னேன். அது தெனமும் ஏத்தறப்ப. இது வேற.

எனக்கு ஒண்ணும் அவசரமில்லை. நீங்க தேய்ங்க, நான் பாட்டுக்கு உக்காந்திருக்கறேன்.

என்னங்ணா சொன்னீங்க? அவரை வெளிய கூட்டிட்டு வருவாங்களா? தெனமும் அஞ்சு மணிக்கா? நான் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கறேன். அவரு என்னைப் பார்த்து அப்பறம் அவருக்கு என்னமாவது ஆச்சுன்னா அந்தப் பழியும் என்ற தலையில விழும். உங்க வண்டிக்கு இக்கட்டால வந்தா மறைக்குமில்லீங்களா? இந்தப் பெட்சீட்டுக்குப் பின்னால. ஆமா, இங்க இருக்கறேன்.

கதவு தொறக்குது.

கலாமணிதான் முன்னாடி. அண்ணி கம்பைப் புடிச்சுட்டு அந்தப் பக்கம். நடுவுல ஆரு அது? அவரா? எளைச்சுப் போயிட்டாருங்ணா. சட்டை தொளதொளன்னு தொங்குது. நல்ல வாட்டசாட்டமான ஆளு, பார்த்திருக்கறீங்களா நீங்க? பார்த்திருக்க மாட்டீங்க. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து நடந்தா இவருதான் தம்பின்னு நெனைப்பாங்க.

ஒண்ணு. ரெண்டு. அந்தக் காலு இழுத்துட்டுத்தான் வருது. மூணு. கலாமணி என்னமோ சொல்றா. எண்ணறா போல. எல்.கே.ஜி. பசங்களுக்குச் சொல்லித்தர்ற மாதிரி. ஏழு. எட்டு. அவ்வளவுதானா? நாற்காலியில உக்கார வெச்சுட்டாங்க. வண்டிப் பக்கத்துலயே எதுக்குங்ணா நாற்காலியப் போடறாங்க? அக்கட்டால காத்தோட்டமா போடலாமில்லை.

அவரு கையில என்ன அது? துணியா?

என்ன பண்றாரு அவரு?

தெனமுமாங்ணா? தெனமும் உக்காந்து தொடைப்பாரா? ஆரும் சொல்லாமயா? வேண்டாம்னு சொன்னாலும் கேக்க மாட்டாரா. கலாமணி வண்டி வர்ற நேரத்துக்கு அந்தத் துணிய மடியில வெச்சுட்டு உக்காந்திருப்பாருங்கறீங்க. ஆரு வண்டின்னு தெரியுமா அவருக்கு? வாய் கொழறுதே, நீங்க கேட்டப்ப என்ன சொன்னாரு? சென்னின்னா? சென்னி வண்டின்னா சொன்னாரு? அது ஒண்ணு மட்டும் சரியாச் சொல்றாரா?

இருங்ணா. ஒண்ணுமில்லை. உங்க அடுப்புப் புகைதான் கண்ணுல பட்டுருச்சு.

இடது கையில தொடைக்கறாரு. வலது கை மடியில கெடக்குது. சீட்டு ஆச்சு, கண்ணாடி ஆச்சு. குனிஞ்சு சக்கரத்துக்குப் போறாரு பாருங்க, விழுந்துருவாரு, கலாமணி புடிச்சுக்கோ. புடிச்சுட்டா. ஒவ்வொரு கம்பியா தொடைக்கறாரு. என்ற கம்பெனியிலகூட இப்படி ஒருத்தன் தொடைக்க மாட்டான். சைக்கிளையும் இப்படித்தாங்ணா தொடைப்பாரு, நான் ஏறி உக்கார்றதுக்கு முன்னாடி.

அந்தப் பக்கம் செவுரு. நாற்காலி போட எடமில்லை. எழுந்து சுத்தி வர அவரால முடியாது. அதனாலதான் ஒரு பக்கம். நான் அவளைத் திட்டுனேன். முழுசாத் தொடைக்கறதுக்கு என்ன கேடுன்னு கேட்டேங்ணா நான்.

இருபத்தேழு. பார்த்துட்டேன், தெரியுது, போதும்தான்.

எழுந்துக்கறேன். இல்லீங்ணா, வண்டிய எடுத்துட்டுப் போறதுக்கில்லை. அதைத் திருப்பி நிறுத்தோணும். பிளக்கைப் புடுங்கி, ஒரு வட்டம் அடிச்சு, அந்தப் பக்கம் நாற்காலிக்கு வர்ற மாதிரி நிறுத்திட்டா அவருக்கு எட்டும். கலாமணியால தனியாத் திருப்ப முடியாது, கனம். ஏழு மாசத்துச் சேறு கெடக்குது அங்க.

தண்ணி பாட்டிலா? வேண்டாங்ணா, நீங்க வெச்சுக்குங்க. நான் அங்க குடிச்சுக்கறேன்.